பேட்டரியில் 12.7 வோல்ட், பம்ப் மட்டும் மெதுவாக ஓடுகிறதா?

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் நண்பரின் 12 வோல்ட் மீன்பிடிப் படகில் உதவுகிறேன். அதில் படகின் அடிப்பகுதியான பில்ஜில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் மெதுவாக இறைக்கிறது. பம்ப் புதிது; பேட்டரியில் 12.7 வோல்ட் காட்டுகிறது. படகு மின்வேலையை முறையாகக் கற்க என்ன வழி?

பதில்: அந்தப் பம்ப்பிலிருந்தே தொடங்குங்கள். பம்ப் ஓடாதபோது எடுத்த 12.7 வோல்ட், பேட்டரி நிறையச் சார்ஜ் ஆகியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பம்ப்புக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது வேறு. 230 வோல்ட்டில் அரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது 4 சதவீதம். பில்ஜ் பம்ப், வழி விளக்கு, ரேடியோ மூன்றுக்கும் இழப்பு 3 சதவீதத்தை, அதாவது 0.36 வோல்ட்டை, தாண்டக் கூடாது.

பில்ஜில் தண்ணீர் விட்டுப் பம்ப்பை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும் மற்றதைப் பம்ப்பின் பாசிட்டிவ் இணைப்பிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் அந்தப் பக்கத்து இழப்பு. நெகட்டிவ் பக்கத்தையும் அப்படியே அளந்து இரண்டையும் கூட்டுங்கள். 0.36ஐத் தாண்டினால் ஃபியூஸ் ஹோல்டர், ஸ்விட்ச், ஜாயின்ட் என்று ஒவ்வொன்றின் இரு புறமும் முனைகளை வைத்துத் தேடுங்கள். ஒரே ஜாயின்ட்டில் 0.5 வோல்ட் என்றால், 5 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 2.5 வாட் சூடு பிறக்கிறது. பிரித்தால் பெரும்பாலும் பச்சைக் களிம்பு இருக்கும், இன்சுலேஷனுக்குள்ளும் ஏறியிருக்கும். சுரண்டி மறுபடி முறுக்காதீர்கள். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி எறியுங்கள்.

ஜாயின்ட் எல்லாம் சரி என்றால் வயர் மெலிது. பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரி 6 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக, வர 12 மீட்டர். செம்பின் மின்தடை எண்ணான 0.0175ஐ 12ஆலும் 5ஆலும் பெருக்கி, வயரின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் இழப்பு கிடைக்கும். 1.5 வயரில் 0.7 வோல்ட், 2.5 வயரில் 0.42, 4 வயரில் 0.26. ஆக, 4 சதுர மில்லிமீட்டர் வேண்டும். திரும்பி வரும் நீளத்தைக் கணக்கில் விட்டுவிட்டால் 1.5 வயரே போதும் என்று தவறாகத் தோன்றும்.

வெள்ளீயம் பூசிய, மெல்லிழைகள் நிறைந்த படகு வயரையே போடுங்கள். வீட்டு வயரின் ஒற்றைக் கம்பி எஞ்சின் அதிர்வில் முறிந்துவிடும்.

ஃபியூஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 12 வோல்ட் ஆளை அடிக்காது என்ற தைரியம் ஆபத்தானது: ஷார்ட் ஆனால் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் தள்ளும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை; அதனால் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். வேலைக்கு முன் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். பம்ப் தயாரிப்பாளர் சொன்ன ஆம்பியருக்கு மேல் ஃபியூஸ் போடாதீர்கள். பிளாஸ்டிக் துண்டு சிக்கிப் பம்ப் நின்றால் மின்னோட்டம் பல மடங்கு ஏறும். பெரிய ஃபியூஸ் போகாது, மோட்டார்தான் எரியும். தண்ணீர் ஏறினால் பம்ப்பைத் தானாக ஓடவிடும் மிதவை ஸ்விட்ச்சின் வயர் மெயின் ஸ்விட்ச்சுக்கு முன்பே, தனி ஃபியூஸோடு, பேட்டரியிலிருந்து வர வேண்டும். மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன இரவில்தான் இங்கே மழை கொட்டும்.

கரையிலிருந்து எடுக்கும் 230 வோல்ட் பக்கத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்கு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும், படகில் பழகிய, உரிமம் பெற்ற மின்பணியாளரும் வேண்டும். வீட்டு 13 ஆம்பியர் நீட்டிப்பு வயரை மிதவைப் பாலத்தில் இழுப்பது வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையம் (எம்பிஏ) தரும் உல்லாசப் படகு ஓட்டுநர் உரிமம் ஓட்டுவதற்குத்தான். வயரிங் வேலைக்கு அது தகுதி ஆகாது. அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பு படகு மின்வேலைக்கென்றே சான்றிதழ் தருகிறது. அதன் ஈ-11 தரவிதியையும் ஐஎஸ்ஓ 13297ஐயும் படித்துக்கொண்டே, ஒரு பலகையில் பேட்டரி, ஃபியூஸ், ஸ்விட்ச், பம்ப் பொருத்திப் பழகுங்கள். வயர் நுனியில் உலோக முனையை (லக்) அழுத்திப் பொருத்தும் ராட்செட் கிரிம்ப் கருவியால் பத்து முனை அழுத்தி, ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள். ஒன்றைக் குறுக்கே ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், லக்கோ கருவியின் பல்லோ உங்கள் வயர் அளவுக்குப் பொருந்தவில்லை.