எழுபதாவது நிமிடத்துக்கு அப்புறம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி கால்பந்து அணியில் இருக்கிறான். போன மாதம் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. ‘வெறுங்காலில் ஆடியதால் 1950 உலகக் கோப்பையில் இந்தியாவைச் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் கோப்பை நமக்குத்தான்’ என்று. அவனிடம் காட்டினேன். “நிஜமாவாப்பா? நாம அவ்வளவு நல்ல டீமா?” என்று கேட்டுவிட்டான்.

பதில் தெரியாததால் 1948 முதல் 1970 வரை இந்திய அணி பெரிய போட்டிகளில் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளைத் தேடி ஒரு நோட்டில் எழுதினேன். குழப்பம்தான் மிச்சம். 1951இல் ஆசியத் தங்கம். அடுத்த வருஷமே யுகோஸ்லாவியாவிடம் 1-10. 1954இல் இந்தோனேஷியாவிடம் 0-4. 1956 ஒலிம்பிக்கில் நான்காவது இடம். 1960இல் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 1962இல் தாய்லாந்து 4-1, ஜப்பான் 2-0, தென் வியட்நாம் 3-2, கடைசியில் தென்கொரியா 2-1, மறுபடி தங்கம். இதைத்தான் பொற்காலம் என்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய அணி ஒன்றைக்கூட நாம் வென்றதாக என் நோட்டில் இல்லை. மகனிடம் என்ன சொல்வது?

க., கோவில்பட்டி

அன்புள்ள க.,

கோவில்பட்டியிலிருந்து கால்பந்தைப் பற்றி ஒரு கடிதம்! ஹாக்கி மட்டையோடு பிள்ளைகள் பிறக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நோட்டுக்கு முதலில் ஒரு யோசனை. முடிவுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்து, கோல் எந்த நிமிடத்தில் விழுந்தது என்றும் எழுதுங்கள். பல வருஷம் முன்பு நானும் உங்களைப் போல ஒரு பட்டியல் போட்டேன். எனக்கும் குழப்பம்தான் வந்தது. நிமிடங்களைச் சேர்த்த பிறகுதான் அதில் ஏதோ தெரிய ஆரம்பித்தது.

முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூலை 31, லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டு. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம், எதிரே பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால், சிலர் துணிக்கட்டோடு. அணித்தலைவர் டி. ஆவ், நாகா மலையிலிருந்து வந்த மருத்துவ மாணவர். நீங்கள் ஏன் பூட்ஸ் போடுவதில்லை என்று கேட்ட பத்திரிகைக்காரரிடம், “நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவதுதான் பூட்பால்” என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, நல்ல கதை.

முப்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் முதல் கோல் போட்டது. எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். மைசூர் அணிக்காரர். 1-1. நடுவில் நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்து, இரண்டும் வீண். அப்புறம் 89ஆவது நிமிடத்தில் பிரான்ஸின் இரண்டாவது கோல். ஆட்டம் போயிற்று.

எழுபதாவது நிமிடம் என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். அந்தக் காலத்தில் இந்தியாவுக்குள் ஆடிய ஆட்டங்கள் பெரும்பாலும் 70 நிமிடம்தான், பாதிக்கு 35. வெயிலும் மழைச் சேறும் காரணமாக இருந்திருக்கலாம், பழகிய வழக்கத்தை மாற்ற மனமில்லாமலும் இருந்திருக்கலாம். கல்கத்தாவிலோ பம்பாயிலோ நடந்திருந்தால் அந்த ஆட்டம் 1-1இல் முடிந்து, எல்லோரும் குளிக்கப் போயிருப்பார்கள். இல்ஃபோர்டில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.

இனி உங்கள் வாட்ஸப் செய்தி. 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது உண்மை. ஆனால் யாரையும் ஜெயித்துப் பெறவில்லை. தகுதிச் சுற்றில் எதிரே இருந்த பர்மா உள்ளிட்ட நாடுகள் விலகிக்கொண்டன. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நமக்கு இடம் ஒதுக்கினார்கள். நாம் போகவில்லை. வெறுங்காலைக் காட்டி ஃபிஃபா தடுத்தது என்ற கதையை உங்கள் நோட்டே பொய்யாக்கிவிடும். 1948இல் வெறுங்காலில் ஆடினோம். 1952 ஹெல்சிங்கியிலும் பலர் வெறுங்காலில்தான் இறங்கினார்கள். முன்னும் பின்னும் அனுமதித்தவர்கள் நடுவில் மட்டும் ஏன் தடுக்கப்போகிறார்கள்? நீண்ட கடல் பயணம், பயிற்சிக்கு நேரமின்மை, அணித் தேர்வில் இழுபறி என்று பல காரணங்கள் பேசப்பட்டன. எனக்குத் தோன்றுவது, உலகக் கோப்பை பெரிய விஷயம் என்று அன்று இங்கே யாருக்கும் படவில்லை. ஒலிம்பிக்தான் பெரிது. போயிருந்தால் கோப்பை நமக்கா? இத்தாலி அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்றிருந்த நாடு. அதோடு விட்டுவிடுவோம்.

1951 டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதியில் ஈரான், மேவாலால் போட்ட ஒரே கோல், தங்கம். 1952இல் குளிரில் அந்த 1-10. அதற்கு நிமிடக் கணக்கெல்லாம் வேண்டாம், முதலிலிருந்து கடைசிவரை அடிதான். ஆனால் எதிரே இருந்த யுகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அணி. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

1956 மெல்போர்ன் வரியில் நம் ஆட்கள் கொஞ்சம் அதிகமாகவே பெருமைப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒலிம்பிக்கில் நான்காவது இடம் என்று கேட்க நன்றாக இருக்கிறது. எப்படி வந்தது? முதல் சுற்றில் ஹங்கேரி வரவில்லை. அந்த வருஷம் அவர்கள் நாட்டில் புரட்சியும் சோவியத் டாங்கிகளும். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவரின் முதல் ஹாட்ரிக். அரையிறுதியில் மறுபடி யுகோஸ்லாவியா, நெவில்தான் முதல் கோல் போட்டார், ஆனால் 1-4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. ஆக, ஒரே ஒரு வெற்றியில் நான்காவது இடம். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த அரையிறுதியில் என் எழுபது நிமிடக் கணக்கு செல்லாது. யுகோஸ்லாவியா எழுபதுக்கு முன்பே மூன்று கோல் போட்டு முடித்துவிட்டது.

ஒரு வெற்றிகூட இல்லை என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன 1960 ரோம் வரிக்கு வருகிறேன். அந்த இருபது வருஷத்தில் இந்தியா ஆடிய மிகச் சிறந்த கால்பந்து அதுதான் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை யாரும் விலகி இடம் கொடுக்கவில்லை. தகுதிச் சுற்றில் இந்தோனேஷியாவை இரண்டு ஆட்டத்திலும் வென்றுதான் போனார்கள். பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரி பிரான்ஸை 7-0 என்று அடித்தது. பெருவை 6-2. இந்தியாவிடம் 2-1 என்றுதான் தப்பித்தது. நம் கோல் துளசிதாஸ் பலராம் போட்டது, 79ஆவது நிமிடத்தில். ஹங்கேரியின் இரண்டாவது கோலைப் போட்ட ஃப்ளோரியன் ஆல்பர்ட் 1967இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று விருது வாங்கியவர். அந்த ஹங்கேரிக்கு ரோமில் வெண்கலம்.

அடுத்தது பிரான்ஸ். 71ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல், 1-0. கல்கத்தாவாக இருந்தால் விசில் ஊதி ஒரு நிமிடம் ஆகியிருக்கும். 82ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் சமன் செய்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே பிரான்ஸ், அதே கடைசி இருபது நிமிடம்! ஓர் ஐரோப்பிய அணியை வென்றதாக உங்கள் நோட்டில் ஒரு வரி வர எட்டு, பத்து நிமிடம்தான் குறைந்தது.

பலராமைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பேரையும் சேர்த்தே சொல்வார்கள், ஆனால் மூன்றாவது பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தணிந்துவிடும். உடம்பு ஒத்துழைக்காமல் 1963இல், இருபத்தாறு இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். 2023 பிப்ரவரியில்தான் இறந்தார். எத்தனை தமிழ்ப் பத்திரிகையில் அது பெரிய செய்தியாக வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஜகார்த்தா. 1962 செப்டம்பர் 4, ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேஷியா விசா தரவில்லை. ஆசிய விளையாட்டு என்ற பெயரையே இதற்குத் தரக்கூடாது என்று இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி பேசிவைத்தார். ஊரே நமக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நம் தூதரகத்தைத் தாக்கினார்கள். லட்சம் பேர் கூடிய மைதானத்தில் இந்தியர் காலில் பந்து பட்டாலே கூச்சல். நமக்குக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணி மட்டும்தான் என்று ஆடியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். உடம்பில் புற்றுநோய். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு முன்பே ஓர் ஆட்டத்தில் மண்டை உடைந்து தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரைப் பின்னால் நிறுத்தாமல் முன்வரிசையில் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். இன்று யாராவது செய்தால் டிவியில் உட்கார்ந்து கிழித்துவிடுவார்கள். 17ஆவது நிமிடத்தில் பி.கே. ஒரு கோல், 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் ஒரு கோல், தையல் போட்ட தலையோடு.

அப்புறம்? எழுபது நிமிடம். இருபதாவது நிமிடத்திலிருந்து தொண்ணூறாவது நிமிடம் வரை சரியாக எழுபது நிமிடம், அத்தனை கூச்சலுக்கு நடுவே, அந்த இரண்டு கோலைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர். ராணுவத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்து கோல்கீப்பரானவர். 1955லும் 1958லும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் டூரண்ட் கோப்பை வென்றதில் பெரிய பங்கு அவருக்கு. வெலிங்டனில் ராணுவத்தில் இருந்த என் பெரியப்பா தங்கராஜின் உயரத்தைச் சொல்லும்போது வீட்டு நிலைப்படிக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டுவார். சின்ன வயதில் அதை நான் நம்பவில்லை. ஆளின் படத்தைப் பார்த்த பிறகு நம்பினேன். தென்கொரியா 85ஆவது நிமிடத்தில் ஒன்றைப் போட்டது. இரண்டாவது விழவில்லை.

ரஹீம் அடுத்த வருஷம் ஜூனில் இறந்தார். பலராம் ஏற்கனவே விலகியிருந்தார். 1964இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், அந்த வருஷத்தோடு சுனியும் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்தினார். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஈரானிடம் தோற்றோம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் முதல் சுற்றோடு வீடு திரும்பினோம். 1970இல் அதே பாங்காக்கில் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம். ஆசிய விளையாட்டில் நம் கால்பந்துக்குக் கிடைத்த கடைசிப் பதக்கம் அதுதான். ஒலிம்பிக்கில் கடைசியாக ஆடியது நான் மேலே சொன்ன ரோம்.

நாம் விழுந்துவிட்டோம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் நின்ற இடத்திலேயே நின்றோம், மற்றவர்கள் நடந்து போனார்கள். 1962இல் நாம் 2-0 என்று வென்ற அந்த ஜப்பானைப் பாருங்கள். 1960இலேயே டெட்மார் கிராமர் என்ற ஜெர்மன் பயிற்சியாளரை வரவழைத்திருந்தார்கள். 1965இல் நாடு முழுவதுக்கும் ஒரு லீக் தொடங்கினார்கள். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்கள். நாம் தேசிய லீக் தொடங்கியது 1996இல். அதுவரை டூரண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்று கோப்பை கோப்பையாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம். டிக்கெட் விற்றது, கல்கத்தாவில் கூட்டம் அலைமோதியது, யாருக்கும் எதையும் மாற்ற வேண்டிய அவசரம் இல்லை. எழுபது நிமிடத்தைத் தொண்ணூறு ஆக்குவதற்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால் மற்றதைச் சொல்வானேன்.

மகனிடம் ஆசியாவில் ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம் முதல் வரிசை அணியாக இருந்தோம் என்று சொல்லுங்கள். உலகத்தில் இல்லை. உலகத்துக்கு மிகப் பக்கத்தில் போனது ரோமில். பள்ளி அணியில் ஆடுகிற பையனுக்கு 71, 82 என்ற இரண்டு எண்களைக் காட்டினால் புரிந்துகொள்வான், நம்மைவிட நன்றாகவே.

அப்புறம் உங்கள் நோட்டில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. 1962 ஜகார்த்தாவில் இந்தியாவின் முதல் ஆட்டம் தாய்லாந்தோடு இல்லை. தென்கொரியாவோடு. 0-2 என்று தோற்றோம். இறுதியில் வென்றது அதே தென்கொரியாவைத்தான். சேர்த்து எழுதிவிடுங்கள்.