ஏழாவது வருடச் சம்பளம்

அன்புள்ள சார்,

டல்லாஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஐடி வேலை. ஊர் திண்டிவனம் பக்கம். இங்கே இருபது பேர் சேர்ந்து, இந்தியாவில் கிராமங்களில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குப் பணம் திரட்டுகிறோம். தீபாவளி மேளாவில் சாட் கடை போடுவோம், வருடத்துக்கு ஒரு கச்சேரி வைப்போம், அரை மாரத்தான் ஓடி நண்பர்களிடம் வசூல் செய்வோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. கடைக்கு வாங்கும் எண்ணெய்கூட எங்கள் கைக்காசுதான்.

அந்தப் பணத்தில் கள்ளக்குறிச்சி பக்கம் நான்கு கிராமங்களில் மாலை வகுப்பு நடக்கிறது. ஆறு வருடமாக ஆசிரியைகளுக்குச் சம்பளம் தருகிறோம். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கூட்டத்தில் கேட்டான்: “ஏழாவது வருஷமும் சம்பளமா? இவங்க எப்ப சொந்தக் கால்ல நிப்பாங்க? அதுக்கு ஒரு கட்டடம், நாற்பது டேப்லெட் கொடுத்தா கண்ணுக்காவது தெரியும்ல?” பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

போன வருடம் நேரில் போனேன். குழந்தைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து வரவேற்புப் பாட்டு. எனக்கு மாலை, சால்வை. கூசிப்போனேன். என் மச்சினன் வேறு, “ஊரை விட்டுப் போனதுக்குப் பிராயச்சித்தம் பண்றீங்க மாமா” என்கிறான்.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பக்கமே நல்ல குழு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் வாங்கச் சட்டப்படி தேவைப்படும் எஃப்சிஆர்ஏ பதிவு அவர்களிடம் இல்லை. முன்பு ஒரு பெரிய டிரஸ்ட் வழியாக அவர்களுக்கு அனுப்பினோம். 2020க்குப் பிறகு முடியாது என்கிறார்கள். என் சொந்தப் பணத்தை நேராக அனுப்பலாமா? ஜனவரியில் ஊருக்கு வருகிறேன்.

எஸ்., டல்லாஸ்

*

அன்புள்ள எஸ்.,

அந்தச் சால்வைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டீர்களா? எனக்குத் தெரியும். சில வருடங்கள் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன அமைப்புக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார் என்றால் இரண்டு நாள் பாடம் நிற்கும், பாட்டு ஒத்திகை நடக்கும். சால்வை 180 ரூபாய், மாலை 120 ரூபாய். இரண்டையும் ‘இதர செலவு’ என்று வவுச்சர் போட்டவன் நான். வந்தவருக்கும் உங்களைப் போலவே கூசியிருக்கும். ஆனால் அவர் வாயைத் திறந்து ‘இது வேண்டாம்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்தவருக்கு நாங்கள் வாங்கியிருக்க மாட்டோம்.

சரி, டேப்லெட் விஷயத்துக்கு வருகிறேன். அதிலும் எனக்கு அனுபவம் உண்டு. அதே அமைப்பு ஒரு வருடம் வெளிநாட்டுக் குழு ஒன்றிடம் இரண்டு விஷயம் கேட்டது. மூன்றாம் வருடத்துக்கு ஆசிரியைகளின் சம்பளம். ஒருங்கிணைப்பாளர் ஊர் ஊராகப் போய் வரும் டிவிஎஸ் எக்ஸெல்லுக்குப் பெட்ரோல். வருடா வருடம் திரும்ப வரும் செலவுகளுக்கு நன்கொடையாளர்கள் விரும்புவதில்லை என்று பதில் மெயில் வந்தது. அதை எங்கள் தலைவருக்குத் தமிழில் படித்துச் சொன்னதும் நான்தான். பதிலாக முப்பது டேப்லெட் வந்து இறங்கியது. வகுப்பு நடந்த கோயில் மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு வருடம் கழித்துத் திறந்தபோது பாதிக்கு மேல் பேட்டரி உப்பி, பின்பக்கம் பிளந்துகொண்டு கிடந்தன. அதற்குள் இரண்டு ஆசிரியைகள் போய்விட்டார்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை. சம்பளம் மூன்று மாதம் வராத நேரத்தில் செருப்புக் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஆளேற்றிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டார்கள்.

போன இருவரில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் மாலை அவர் வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கணீரென்று படித்துக்கொண்டிருந்தான்: “ஆடு மரத்தின் கீழே மேய்கிறது.” எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தின் மேல்பாதியில் இருந்த படத்தை உள்ளங்கையால் மூடினார். பையன் நின்றுவிட்டான். அவன் எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்து, முன்னால் படித்த பிள்ளைகள் சொன்னதைக் காதில் வைத்து ஒப்பித்திருக்கிறான். அவர் திட்டவில்லை. ‘ஆ’வில் ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். முதல் வருடம் அவரும் பிள்ளைகளை வாய்ப்பாடு கத்த வைத்தவர்தான். படத்தை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தையும் சேர்த்துத்தான் பஸ் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்து வந்த பெண் மறுபடி வாய்ப்பாட்டில் தொடங்கினார்.

அதனால் உங்கள் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: ஏழாவது வருடமும் சம்பளம் கொடுங்கள். முடிந்தால் ஏற்றிக் கொடுங்கள். மாதம் முதல் வாரத்தில் அவர் கையில் சேர்கிறதா என்று பாருங்கள். ஏழாவது வருட ஆசிரியை ஒருவர், முதல் வருட ஆசிரியைகள் நாலு பேருக்குச் சமம். இப்போது நிறுத்தினால் ஆறு வருடப் பணமும் வீண்.

சொந்தக் கால் பற்றிக் கேட்ட பையனிடம் கோபப்படாதீர்கள். நல்ல கேள்வி, தப்பான ஆளிடம் கேட்கிறான், அவ்வளவுதான். டெக்சாஸில் நீங்கள் கட்டும் சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அங்கே டீச்சர் சம்பளத்துக்கு ஏழாவது வருடம் யாராவது கணக்குக் கேட்கிறார்களா? கல்வி சொந்தக் காலில் நிற்பது என்றால் அரசாங்கத்தின் காலில் நிற்பது என்று அர்த்தம். அது நடக்காமலும் இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தொடங்கிய இடம் உங்கள் திண்டிவனத்துக்குப் பக்கத்தில்தான், மரக்காணம் ஒன்றியத்தில். தெருவிலேயே மாலை வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய். சின்ன அமைப்புகள் பல வருடம் மண்டபத்திலும் மரத்தடியிலும் செய்துகொண்டிருந்த அதே காரியம். 1000 ரூபாய் சம்பளம் ஆகாது. ஆனாலும், இது தேவைதான் என்று கோட்டை ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். உங்கள் நான்கு கிராமங்களில் அந்தத் திட்டம் எப்படி நடந்தது, இரண்டும் மோதியதா, சேர்ந்ததா என்று விசாரித்து அந்தப் பையனையே எழுதச் சொல்லுங்கள். உருப்படியான வேலை.

கட்டடம் பற்றி ஒரு கதை. 1991இல் அமெரிக்காவில் உங்களைப் போன்ற இரண்டு குழுக்கள் பிறந்தன. பெர்க்லியில் சந்தீப் பாண்டேயும் நண்பர்களும் தொடங்கிய ‘ஆஷா’, மேரிலாண்டில் ரவி குச்சிமஞ்சி தொடங்கிய ‘எய்ட்’. மாணவர்கள் வார இறுதியில் கூடிப் பேசி ஆரம்பித்தவை. இந்த எய்ட் அமைப்பின் துணையோடு மகாராஷ்டிரத்தில் நந்துர்பார் மாவட்டத்தின் பில்காவ் என்ற ஆதிவாசி கிராமத்தில் 2003இல் ஒரு சிறு நீர்மின் நிலையம் வந்தது. 15 கிலோவாட். கேரளத்து இன்ஜினீயர்கள் வடிவமைத்தார்கள், ஊர் மக்கள் கூலி வாங்காமல் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். அரசு கொண்டுவராத கரண்ட் வீடுகளுக்கு வந்தது. அந்தக் கதையின் சாயலில் இந்திப் படம்கூட வந்தது. படத்தில் பல்பு எரிந்தால் கைதட்டல். நிஜத்தில், 2006 மழைக்காலத்தில் சர்தார் சரோவர் அணையின் தண்ணீர் ஏறி மின்நிலையத்தை மூழ்கடித்துவிட்டது. மூன்றே வருடம்.

இதை வீண் என்று நான் நினைக்கவில்லை. இயந்திரம் போனது. ஓடையில் மின்சாரம் எடுக்கலாம் என்று தெரிந்த ஆட்கள் போகவில்லை. ஆனால் கட்டடம் கண்ணுக்குத் தெரியும் என்று தலையாட்டிய உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரிந்ததுதான் முதலில் முழுகியது.

பிராயச்சித்தம் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். குற்ற உணர்ச்சியில் வந்த டாலரும் ரூபாயாக மாறும்போது அதே ரேட்தான். மச்சினனிடம் ஒரு வருடக் கச்சேரிக்கு டிக்கெட் விற்கச் சொல்லிப் பாருங்கள்.

இனி எஃப்சிஆர்ஏ. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நல்ல மனசோடு செய்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் முக்கியமாக மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் நாடாளுமன்றச் சாலைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். கள்ளக்குறிச்சியில் இருந்தாலும் டெல்லிக் கணக்குதான். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. மூன்றாவதுதான் உங்கள் ஊர்க் குழுவைப் பாதித்தது: ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை, பதிவு பெற்றதாகவே இருந்தாலும், இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது. பெரிய டிரஸ்டுகள் வாங்கிச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்த வழி அதோடு அடைபட்டது. முறைகேடு செய்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடி விழுந்தது ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரியாத குழுக்கள் மேல். சின்னக் குழு தானாகப் பதிவு பெறலாம் என்றால், மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். மண்டபத்தில் வகுப்பு எடுப்பவர்கள் எங்கே போவார்கள்?

உங்கள் சொந்தப் பணம்? இங்கே எல்லாம் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால், கிரீன் கார்டே வைத்திருந்தாலும், உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அந்தக் குழுவுக்குக் கொடுப்பது வெளிநாட்டுப் பணமாகக் கணக்காகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் கதை வேறு. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டப்படி உங்கள் பணம் வெளிநாட்டுப் பணம்தான். அதேபோல உங்கள் குழு அமெரிக்காவில் பதிவானது என்றால், இருபது பேரும் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும் குழுவின் பணம் வெளிநாட்டுப் பணம்தான். மேளா வசூலை உங்கள் கணக்கில் போட்டு ‘என் பணம்’ என்று அனுப்பும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் மாட்டுவது அந்தக் குழுதான். நேராக அனுப்பினால் அமெரிக்க வரிவிலக்கும், நீங்கள் கொடுப்பதற்கு ஈடாக உங்கள் கம்பெனி போடும் இணைத் தொகையும் கிடைக்காது. அது பரவாயில்லை என்றால் அனுப்புங்கள். சென்னையில், பெங்களூரில் உங்களோடு படித்தவர்கள் இருப்பார்களே, அவர்களிடம் ரூபாயாகத் திரட்டுவது இன்னும் சுலபம்.

ஒரு நல்ல சேதி. ஆசிரியர் சம்பளம் அந்த 20 சதவீதத்துக்குள் வராது, அது திட்டச் செலவு என்று விதியிலேயே இருக்கிறது. கணக்கர் சம்பளம், அலுவலக வாடகை, வண்டிச் செலவு எல்லாம்தான் நிர்வாகம். ஆகவே சம்பளம் கொடுக்கச் சட்டம் தடையில்லை. அந்த எக்ஸெல்லுக்குப் பெட்ரோல் போடுவதுதான் இப்போதும் கஷ்டம்.

ஜனவரியில் போகும்போது காலையில் போகாதீர்கள். ஆறு மணிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். சால்வை, பாட்டு வேண்டாம் என்று முதல் நாளே ஆசிரியையிடம் போனில் சொல்லிவிடுங்கள், தலைவரிடம் மட்டும் சொன்னால் நடக்காது. போன மாதச் சம்பளம் என்றைக்கு வந்தது என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள். பொங்கல் வாரத்தில் போக வேண்டாம், வகுப்பு இருக்காது.