"என்ன ரேங்க், டீச்சர்?"

வாசகர் கேள்வி – பதில்

பருவத் தேர்வு முடிந்து தரநிலை அட்டை கைக்கு வந்த நேரம். கடலூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் பாதி ஆசிரியர்கள் எழுதியவை, பாதி பெற்றோர் எழுதியவை. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பதில் சொல்கிறார்கள்.

*மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அட்டையைக் கொடுத்தால் "என்ன ரேங்க், டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பி1 என்றதும் முகம் வாடிவிடுகிறது. இவர்களுக்கு எப்படி விளக்குவது?*
– ஆசிரியை, கூத்தப்பாக்கம்

"பி" என்ற எழுத்தைக் கேட்டதும் "இரண்டாம் தரம்" என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அதனால் எழுத்தைச் சொல்லும் முன் கணக்கை அவர்கள் கண்முன்னால் போட்டுக் காட்டுங்கள். ஒரு பாடத்துக்கு வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60. முதலாவது, பருவம் முழுக்க வகுப்பில் செய்த செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும். இரண்டாவது, பருவக் கடைசியில் எழுதிய தேர்வுக்கு. பிள்ளை 29-ம் 44-ம் வாங்கியிருந்தால் மொத்தம் 73. 71 முதல் 80 வரை பி1. அதற்கு மேலே 81 முதல் 90 வரை ஏ2, 91-லிருந்து ஏ1. கீழே பத்துப் பத்தாக பி2, சி1, சி2, பிறகு 33 முதல் 40 வரை டி. மாநிலத்தில் முப்பருவ முறை வந்த 2012-13-லிருந்தே இந்தத் தரநிலைதான்; ரேங்க் கிடையாது. 80 வாங்கிய பிள்ளைக்கு பி1, 81 வாங்கிய பிள்ளைக்கு ஏ2. இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மதிப்பெண். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு எழுத்தை வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை என்பதை இந்த ஒரு உதாரணம் புரியவைத்துவிடும்.

இதற்கு இரண்டு நிமிடம் போதும். மீதி நேரத்தில் அந்த 73-க்குள் என்ன இருக்கிறது என்று பேச வேண்டும். "கணக்குல கொஞ்சம் வீக்" என்று சொல்லி அனுப்பினால் வீட்டில் அடி விழும், வேறெதுவும் நடக்காது. நோட்டைத் திறந்து ஒரு கணக்கைக் காட்டுங்கள்.

402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்பில் நிறையப் பிள்ளைகள் 376 என்று எழுதுவார்கள். கவனக் குறைவு என்று திட்டிவிடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது: எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழி. 2-லிருந்து 8 போகாது, அதனால் 8-லிருந்து 2, மிச்சம் 6. 0-லிருந்து 7 போகாது, அதனால் 7. 4-லிருந்து 1 போக 3. கடன் வாங்கலாம் என்றால், பக்கத்தில் இருப்பதே பூஜ்யம். அங்கே வாங்க ஒன்றுமில்லை. அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இதைப் பெற்றோரிடம் இப்படிச் சொல்லலாம்: "உங்க பொண்ணு கூட்டல் தப்பில்லாம போடுறா. கழித்தல்ல நடுவுல பூஜ்யம் வந்தா மட்டும் தடுமாறுறா. வீட்ல காகிதத்துல நாலு நூறு ரூபா நோட்டு, ரெண்டு ஒரு ரூபா காசு எழுதி வச்சுக்குங்க. 'எனக்கு நூத்தி எழுவத்தெட்டு குடு'ன்னு கேளுங்க." பிள்ளை ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாய்களாக மாற்ற வேண்டும், அதில் ஒரு பத்தை ஒரு ரூபாய்க் காசுகளாக மாற்ற வேண்டும். இப்போது கையில் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. கொடுத்தது போக 224. மீன் கூடையோடு முதுநகர் மார்க்கெட்டில் உட்காரும் அம்மா இதைத் தினமும் செய்கிறார். "கடன் வாங்குதல்" என்று நாம் சொல்வது அவர் மாற்றும் சில்லறைதான் என்று தெரிந்ததும், நம்மைவிட அவரே நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். இரவில் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று கணக்கு. அதற்கு மேல் வேண்டாம்.

நல்லது ஒன்று, தடுமாறுவது ஒன்று, வீட்டில் செய்ய ஒன்று. ஒரு பிள்ளைக்கு இந்த மூன்று வரியை முதல் நாளே குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அட்டையைப் பார்த்து அங்கேயே யோசித்தால் எல்லாப் பிள்ளைக்கும் "நல்லா படிக்கணும்" என்பதுதான் வாயில் வரும்.

*என் மகன் மூன்றாம் வகுப்பு. தமிழில் "அரும்பு" நிலையில் இருக்கிறான் என்று டீச்சர் சொன்னார். அப்படியென்றால் பெயிலா?*
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

இல்லை அம்மா. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார்களோ அந்த இடத்திலிருந்து கற்பிப்பதற்காக இந்த நிலைகள். தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் தனியாகக் கேளுங்கள்.

ஆனால் மூன்றாம் வகுப்பில் அரும்பு என்றால் வாசிப்பு முதல் வகுப்பு அளவில் நிற்கிறது என்று பொருள். விட்டுவைக்கக் கூடாது. டீச்சரிடம் "எந்த எழுத்துல நிக்கிறான்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு இடங்கள். ஒன்று, ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்து: "கொ" என்பதை "கெ", அப்புறம் ஒரு கால் என்று பிரித்து "கெகா" என்று வாசிப்பான். இன்னொன்று, புள்ளி: "பண்ருட்டி" என்பதை "பணருடடி" என்பான். இரண்டுக்கும் பேருந்துப் பலகை நல்ல பாடம். பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் என்று நிற்கும்போதே வாசிக்கச் சொல்லுங்கள். புள்ளி வைத்த எழுத்து வரும்போது உங்கள் விரலால் அவன் கையில் ஒரு தட்டு. தப்பாக வாசித்தால் அவன் முடிக்கும்வரை காத்திருந்து, நீங்கள் ஒருமுறை சரியாக வாசியுங்கள். நடுவில் வெட்டித் திருத்தினால் அடுத்த பலகையை வாசிக்கவே மாட்டான்.

*மதிப்பெண் பதிவேட்டைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாமா? முப்பது பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை.*
– ஆசிரியர், நெல்லிக்குப்பம்

வேண்டாம் சார். கடைசி வரிசையில் இருக்கும் பெயரைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். மறுநாள் அந்தப் பிள்ளைக்குத் தெருவில் ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். ஒரு பிள்ளையின் மதிப்பெண் அந்த வீட்டுக்கு மட்டும் உரியது. அட்டை கையில், விளக்கம் நேரில். வர முடியாதவர்களுக்கு மூன்று நிமிடத் தொலைபேசி. குழுவில் எல்லோருக்கும் பொதுவானதை மட்டும் போடுங்கள். "பிராட்காஸ்ட்" அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும்.

*செயல்பாடுகள் பற்றி ஒழுங்காக அறிவிப்பு அனுப்புகிறேன். ஆனாலும் பாதிப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருகிறார்கள். சிலர் கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.*
– ஆசிரியை, தேவனாம்பட்டினம்

நீங்கள் இணைத்திருந்த அறிவிப்பில் "நாளை" என்று இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பியதை அப்பா மறுநாள் கரைக்கு வந்த பிறகு பார்த்தால், அவருக்கு அது அடுத்த நாள். தேதியும் கிழமையும் இரண்டும் எழுதுங்கள். ஒன்றில் தவறினாலும் மற்றது காப்பாற்றும். மூன்று நாள் முன்னால் ஒருமுறை, முந்தின நாள் மாலை ஒருமுறை. அதற்கு மேல் அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை.

"செயல்பாட்டுக்குத் தேவையான பொருள்" என்று எழுதினால் வீட்டில் உள்ளவர்கள் ஸ்டேஷனரிக் கடைக்குத்தான் ஓடுவார்கள். எது, எத்தனை, எதை வாங்கக் கூடாது என்று சொல்லுங்கள். இப்படி:

"மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு வணக்கம். ஜனவரி 21, புதன்கிழமை வகுப்பில் கடை விளையாட்டு. பிள்ளைகள் சில்லறை மாற்றிக் கழிக்கப் பழகுவார்கள். வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை 50, காலி பிஸ்கட் கவர் 2 கொடுத்தனுப்புங்கள். கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பணம் எதுவும் இல்லை. புளியங்கொட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை, பள்ளியில் இருக்கிறது. செவ்வாய் மாலைக்குள் கொடுத்தால் போதும்."

"இல்லாவிட்டால் பரவாயில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பொருள் இல்லை என்பதற்காக அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் உண்டு.

எழுதியதையே உங்கள் குரலிலும் பதிவுசெய்து அனுப்புங்கள். முக்கால் நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று இல்லை. வலை பின்னிக்கொண்டே கேட்பவர்கள், சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் பேருந்தில் வருபவர்கள் எல்லோருக்கும் அதுதான் வசதி. தேதியை முதலிலும் கடைசியிலும் இரண்டு முறை சொல்லுங்கள்.

எண்ணுவதற்குக் கொட்டை கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. பண்ருட்டிப் பக்கம் உறவு உள்ள வீடுகளில் முந்திரிக்கொட்டையை ஓட்டோடு கொடுத்தனுப்பிவிடுவார்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் பிஞ்சுத் தோல் வெந்துபோகும். புளியங்கொட்டை என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பலாக்கொட்டையும் ஆகும், நன்றாகக் காயவைத்தது.

*நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரைச் சில்வர் பீச்சுக்கும் புனித டேவிட் கோட்டைப் பக்கமும் களப்பயணம் அழைத்துப்போக ஆசை. பெற்றோர் "கடல்கிட்டயா?" என்று பயப்படுகிறார்கள்.*
– ஆசிரியர், மஞ்சக்குப்பம்

அவர்கள் பயம் நியாயமானது. அதற்குக் கடிதத்திலேயே பதில் சொல்லுங்கள். "பாதுகாப்பாக அழைத்துச் செல்வோம்" என்பதில் பதில் இல்லை. "30 பிள்ளைக்கு 5 பெரியவர்கள், ஒருவர் பொறுப்பில் 6 பேர். அலை வந்து ஈரமாக்கும் கோட்டுக்கு 20 அடி முன்னாலேயே கயிறு கட்டி நிறுத்துவோம். யாரும் காலை நனைக்கப் போவதில்லை" என்று எழுதினால் கையெழுத்துப் போடுவார்கள். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட வண்டியில் ஏற்ற வேண்டாம். உடன் வரும் ஐவரில் இருவர் பெற்றோராக இருக்கட்டும். கடல் தெரிந்த மீனவக் குடும்பத்தினர் ஒருவர் இருந்தால் மிக நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும், நினைக்கவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி சரி. காலை உணவு முடித்து 9 மணிக்குக் கிளம்பினால் 11 மணிக்கு வகுப்பில் இருக்கலாம். வண்டி ஏறும்போது, இறங்கியதும், அரை மணிக்கு ஒருமுறை, திரும்ப ஏறும்போது தலை எண்ணுங்கள். வண்டிக்குள் எண்ணுவதைவிட ஏறும் படியில் எண்ணுவதுதான் தவறாது. அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும்; மணலில் தடமோ குழியோ கண்டால் தள்ளி நின்று பார்க்கப் பழக்குங்கள், தோண்ட விடாதீர்கள்.

கோட்டையைச் சுற்றிக் காட்டி ஆண்டுகளை ஒப்பிக்க வைக்காதீர்கள். அங்கே அளவியலுக்கு அருமையான ஒரு செய்தி இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கியை வெடித்து, குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. அதற்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். இதைச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு துணிப்பந்து எறியச் சொல்லுங்கள். எறிந்ததும் தூரத்தை ஊகித்து எழுத வேண்டும், பிறகு அளந்து எழுத வேண்டும், பிறகு வித்தியாசம். ரப்பர் பந்து உருண்டோடும், எங்கே விழுந்தது என்று சண்டை வரும். துணிப்பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும். டேப்பைப் பிடிப்பவன் பூஜ்யத்தை விட்டு 1-லிருந்து பிடிப்பான், டேப் நடுவில் தொய்யும். இரண்டையும் முன்பே காட்டிவிடுங்கள். 6 மீட்டர் 5 சென்டிமீட்டரை 6.5 என்று எழுதுவார்கள். அங்கே நின்று 6.05 என்று புரியவைக்கலாம்.

*மழைக்கு விடுமுறை விட்டால் அன்றைய சிறு தேர்வு என்னவாகும் என்று பெற்றோர் விடாமல் கேட்கிறார்கள்.*
– ஆசிரியை, குறிஞ்சிப்பாடி

பள்ளி திறந்த முதல் நாள் தேர்வு வைக்காதீர்கள். நோட்டு நனைந்த வீடுகள் இருக்கும். மூன்றாம் வேலைநாள் என்று ஒரு வழக்கம் வைத்து, பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும்.

*ஒரு பையனுக்குப் பாட்டிதான் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. "நான் என்னத்தக் கண்டேன் டீச்சர்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்.*
– ஆசிரியை, தேவனாம்பட்டினம்

அவரை உட்காரவைத்து முதல் பருவ நோட்டின் ஒரு பக்கத்தையும் இப்போதைய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் கோட்டுக்குள் நிற்கிறதா, அடித்தல் குறைந்திருக்கிறதா என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். பிறகு பையனையே கூப்பிட்டுப் பாடத்தில் நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் பாட்டியிடம் "என்ன சொன்னான் ஆயா?" என்று கேளுங்கள். அவர் கதையைத் திருப்பிச் சொன்னால், அவன் வாசித்தது கேட்பவருக்குப் புரியும்படி இருக்கிறது என்று பொருள். எழுத்துக் கூட்டி இழுத்தான் என்றால் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இதையே வீட்டு வேலையாகக் கொடுங்கள்: தினம் ஒரு பத்தி அவன் வாசிக்க வேண்டும், ஆயா கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் "இன்னொருக்கா சொல்லுடா" என்பது மட்டும்தான் ஆயாவின் வேலை. விளங்கிய நாளில் நோட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கோடுகளை எண்ணிவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கலாம்.