விறகு அடுக்கில் நல்ல பாம்பு

வணக்கம் ஐயா,

தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. போன வாரம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுச் சுவரோரம் விறகு அடுக்கில் நல்ல பாம்பைப் பார்த்து ஆட்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதற்காக என்னோடு சண்டை போட்டாள். தரையில் பாய் விரித்துப் பிள்ளைகள் படுக்கிற இடம் அது. அடித்தது தப்பா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை தூங்குகிற வீட்டுச் சுவரோரம் நல்ல பாம்பைப் பார்த்தால் யாருடைய கையும் தடியைத்தான் தேடும். ஆனாலும் அடிக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். வழி விட்டால் போய்விடுகிற பாம்பை அடிக்க நெருங்குகிறவர், அது கொத்துகிற தூரத்துக்குள் தானே போய் நிற்கிறார்.

கடித்த பிறகும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அந்த நேரம் வீண். வெட்டுப்பட்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். டாக்டருக்குப் பாம்பு தேவையில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்த்தால் உறையாமல் ஓடுகிறதா, கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் என்று சந்தேகப்படுவார்கள். இமை சொருகினால் நல்ல பாம்பாகவோ கட்டு விரியனாகவோ இருக்கும். இந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தை, 1978-இல் தொடங்கிச் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இயங்கும், பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தார் உயிருள்ள பாம்பிடமிருந்து எடுத்துவிட்டு, அதைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள்.

காப்பித் தோட்டம் என்றதும் எனக்குக் குழி விரியன்கள்தான் ஞாபகம் வருகின்றன. பச்சை நிறத்தில் கிளையோடு கிளையாகச் சுருண்டு, பழம் பறிக்கிற கை போகிற உயரத்திலேயே கிடக்கும். கடித்தால் சாவு அபூர்வம், ஆனால் கை வீங்கி நாள் கணக்கில் வேலை போகும். அந்த மருந்தோ இவற்றின் விஷத்துக்கென்று செய்ததல்ல. தோட்டம் முழுக்கத் தேடி அடித்துத் தீர்க்கவும் முடியாது. கை வைப்பதற்கு முன் கிளையைக் குச்சியால் தட்டச் சொல்லுங்கள்.

மீதி வேலை முதலாளியான உங்களுடையது. விறகைச் சுவரோரம் அடுக்கினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அதைத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்க ஒரு மேடை கட்டிக் கொடுங்கள். லைன் வாசலில் விளக்குப் போடுங்கள். கழிப்பறை இல்லையென்றால் அதுதான் முதல் செலவு, ராத்திரி இருட்டில் புதருக்குப் போகிறவர்களை எந்தத் தடியும் காப்பாற்றாது. பிள்ளைகளுக்குக் கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் கொடுங்கள். கட்டு விரியன் தூங்குகிறவரைக் கடிக்கும், வலிகூடப் பெரிதாகத் தெரியாது. வலையைப் படுக்கைக்கு அடியில் செருகிப் படுத்தால் அது உள்ளே வருவது கஷ்டம்.

அப்புறம், அடுத்த முறை பாம்பைப் பார்த்தால் ஒருவர் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பார்க்கட்டும், இன்னொருவர் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போன் போடட்டும். அந்த எண்களையும், ராத்திரியில் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்க வண்டி தருகிறவர் எண்ணையும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். பழம் பறிப்பு தொடங்குவதற்குள் இதெல்லாம் முடிந்தால் நல்லது.