திருவிருந்தை எடுக்காமல் விடலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு உள்ளே உள்ள சின்னச் சபை எங்களுடையது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அதாவது இயேசுவை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சை ரசமும் எடுப்பது. எல்லைவேலிப் பிரச்சினையால் தமையனோடு ஒரு வருடமாகக் கதையில்லை. அபாத்திரமாய், தகுதியில்லாமல், எடுத்தால் ஆக்கினை (தண்டனை) வரும் என்ற பயத்தில் அந்த நேரம் எழும்பி வெளியே போய்விடுகிறேன். எடுக்காமல் விட்டால் குற்றமா? திராட்சை ரசமும் இங்கே லேசில் கிடைப்பதில்லை. மாரியில் போதகர் வர முடியாமல் போனால் என்ன செய்வது?

பதில்: எடுப்பதும் விடுவதும் நம்முடைய விருப்பம் என்று கர்த்தர் விட்டுவைக்கவில்லை, சகோதரி. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலே அவர் சொன்னது, “என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்” (லூக்கா 22:19). பாத்திரத்தைக் கொடுக்கும்போது, “நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்” என்றார் (மத்தேயு 26:27). அது மேல்வீட்டில் இருந்த சீஷருக்கு மட்டும் சொன்னது என்று சிலர் வாதிப்பார்கள். அப்படியென்றால் அந்த இரவைக் கண்டிராத கொரிந்து சபையாருக்குப் பவுல் அதையே ஏன் ஒப்புக்கொடுத்தார்? “கர்த்தர் வருமளவும்” என்று அதற்கு ஒரு தவணையும் எழுதிவைத்தார் (1 கொரிந்தியர் 11:26). அந்தத் தவணை இன்னும் முடியவில்லை. தாம் கட்டளையிட்ட யாவையும் கைக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள் என்பதும் அவர் வார்த்தைதான் (மத்தேயு 28:20).

இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையார் 1883 முதல் இந்த ஆசரிப்பை வைப்பதில்லை. வெளி அடையாளம் இல்லாமலும் கிருபை கிடைக்கும் என்பது அவர்கள் நிலைப்பாடு. கிருபை அப்பத்துக்குள் கட்டுப்பட்டதல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனாலும் செய்யுங்கள் என்று சொன்னவர் அதைத் திரும்பப் பெறவில்லை. எத்தனை தரம் என்பதற்கு மட்டும் வேதத்தில் கணக்கில்லை. துரோவா பட்டணத்தார் வாரத்தின் முதல்நாளில் அப்பம் பிட்கக் கூடினார்கள் (அப்போஸ்தலர் 20:7). கத்தோலிக்கருக்கு வருடத்தில் ஒரு தரமாவது, அதுவும் பாஸ்காக் காலத்தில், நற்கருணை உட்கொள்வது கடமை. உங்கள் சபையின் மாத ஒழுங்கு போதுமானது.

இனி உங்கள் பயம். கொரிந்துவில் நடந்த பிழையை 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் பாருங்கள். இருந்தவன் முந்திச் சாப்பிட்டு வெறித்தான், இல்லாதவன் பசியோடு இருந்தான். அந்த நடத்தையைத்தான் பவுல் கண்டித்தார். அதற்கு அவர் சொன்ன மருந்து பந்தியை விட்டுப் போவதல்ல. “தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து” என்கிறார் (11:28). சோதித்த பிறகு புசிக்க வேண்டும், வசனம் அங்கேதான் முடிகிறது. பாதியோடு நிற்பவர்கள் நம் சபைகளில் அதிகம். தகுதி வரட்டும் என்று காத்திருந்தால் எவருக்கும் அந்த நாள் வராது. பாவிகளுக்காகப் பிட்கப்பட்ட அப்பம் அது.

அதற்காகத் தமையன் விஷயத்தை அப்படியே விடவும் முடியாது. மத்தேயு 5:24 முன்பு ஒப்புரவாகு, பின்பு வந்து காணிக்கை செலுத்து என்கிறது. ஞாயிறு காலையில் அவசரப்பட்டுப் போகாதீர்கள், அது சடங்காகிவிடும். முந்தின கிழமையே, குடும்பத்தில் இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரோடு போங்கள். எல்லைக்கதையை எடுக்கவே வேண்டாம். வேலி எங்கே நிற்க வேண்டும் என்பதை அளவையாளரோ மத்தியஸ்த சபையோ தீர்க்கட்டும். “அண்ணா, நான் உங்களோடு கதையாமல் விட்டது பிழை” என்ற ஒரு சொல் போதும். அவர் படலையைத் திறக்காவிட்டாலும் உங்கள் பங்கு முடிந்தது. “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது. அந்த ஞாயிறே பந்திக்கு வாருங்கள். (கத்தோலிக்கராக இருந்து சாவான பாவம், அதாவது பெரும் பாவம், மனதில் இருந்தால் முதலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.)

ரசம் கடையில் இல்லாவிட்டால் வீட்டில் செய்யலாம். பாயாசத்துக்குப் போடும் உலர்ந்த திராட்சை, கடையில் பிளம்ஸ் என்று கேட்பது, 250 கிராம் எடுங்கள். அதில் எண்ணெய் பூசியிருப்பதுண்டு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவாவிட்டால் கிண்ணத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் சனி பின்னேரம் நாலைந்து மணித்தியாலம் ஊறவிட்டு, மெல்லிய நெருப்பில் 15 நிமிடம் காய்ச்சி, மசித்து, வெள்ளைத் துணியில் வடியுங்கள். ஆளுக்கு 10 மில்லிலீட்டர் என்றால் 40 பேருக்கு 400 போதும், இதில் அதற்கு மேலேயே வரும். பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம், புளிப்புப் பட்டுக் களிம்பேறும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், வன்னி வெயிலுக்கு, முந்தின நாளே வடித்து வைத்தால் புளித்துப் பொங்கி மதுவாகத் தொடங்கலாம். குடியை விட்டு மீண்டு வருகிறவர் சபையில் இருப்பார், அவருக்கு அது ஆபத்து. ஆகவே ஊறியதை இரவே காய்ச்சி மூடிவைத்து, ஞாயிறு விடிய மறுபடி கொதிக்கவைத்து வடியுங்கள்.

அப்பத்துக்கு 250 கிராம் கோதுமை மா, ஏறத்தாழ 130 மில்லிலீட்டர் தண்ணீர். ஈஸ்ட் வேண்டாம். ரொட்டிக்குப் போல தேங்காய்ப்பூவும் போடக்கூடாது, சூட்டில் சீக்கிரம் பழுதாகும், பிட்கும்போது உதிரும். மெல்லிசாகத் தட்டி, கத்தியால் கோடு கீறி, எண்ணெயில்லாத தாச்சியில் சுடுங்கள். கீறாமல் சுட்டால் பிட்கும்போது கண்டபடி உடையும். கத்தோலிக்கப் பூசைக்கு இந்த வீட்டு ரசம் ஏற்காது. அங்கே திராட்சை மதுவும் புளியாத கோதுமை அப்பமும் குருவானவர் ஒழுங்கில் வரும்.

மாரியில் குளம் வான்பாய்ந்து பாதை அடைபட்டால், யார் நடத்தலாம் என்பது திருச்சபைக்குத் திருச்சபை வேறு. மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைகளில் குருப்பட்டமோ விசேட அனுமதியோ வேண்டும். சுயாதீன சபைகள் பலவற்றில் மூப்பர் நடத்தலாம். ஐப்பசிக்கு முன்பே போதகரிடம் கேட்டு, அனுமதி உண்டானால் எழுத்தில் வாங்கி வையுங்கள். அனுமதி இல்லையென்றால் தவறிய ஞாயிறைக் கைவிடாமல், பாதை திறந்த முதல் ஞாயிறுக்கு மாற்றக் கேளுங்கள். படுக்கையில் கிடப்பவர்களின் பெயர்களையும் அப்போதே கொடுத்தால், ஆராதனை முடிந்த கையோடு போதகர் அவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோவார்.