சாலை அணியிலிருந்து சரளைப் பாதைக்கு: மகளின் முடிவு குறித்து ஒரு பெற்றோருக்கு

அன்புடையீர்,

இளங்கலைப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு கிராவல் எனப்படும் சரளைப் பாதை சைக்கிள் பந்தய வீராங்கனையாகப் போவதாக உங்கள் மகள் சொல்கிறார் என்றும், அது ஒரு தொழில்தானா என்பதே உங்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தொழில்தான். ஆனால் மாதச் சம்பளம் கொடுக்கும் முதலாளி என்று ஒருவர் பெரும்பாலும் இல்லாத தொழில். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், மகளிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்கு இசையலாம், எதை ஒத்திப்போடச் சொல்லலாம் என்பதெல்லாம் ஓரளவுக்குத் தானே தெளிவாகும்.

அவர் உங்களுக்குக் காட்டிய பெயர்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். டெட் கிங், பீட்டர் ஸ்டெட்டினா, இயன் பாஸ்வெல், லாரன்ஸ் டென் டாம், லாக்லன் மார்ட்டன் ஆகிய ஐவருமே சாலைப் பந்தயத்தின் மேல்தட்டு அணிகளில் பல ஆண்டுகள் ஊதியம் பெற்று ஓட்டியவர்கள். டென் டாம், சாலைப் பந்தயங்களில் மிகப் புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸில் 2014-ஆம் ஆண்டு ஒன்பதாம் இடம் பிடித்தவர். பாஸ்வெல் பிரிட்டனின் உயர்மட்ட அணியான டீம் ஸ்கையில் ஐந்து ஆண்டுகள் இருந்தவர். சரளைப் பாதைக்கு வந்தபோது இவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சைக்கிள் நிறுவனங்களில் தொலைபேசியை எடுத்துப் பேசக்கூடிய ஆட்களைத் தெரிந்திருந்தது. பெயர் ஏற்கெனவே பலருக்கும் அறிமுகமாகியிருந்தது. நூறு பேர் நெருக்கியடித்து ஓட்டும் கூட்டத்தில் எங்கே நிற்பது, எப்போது உண்பது, எப்போது பிறர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவது என்பதெல்லாம் உடம்பில் ஊறியிருந்தது. அவர்களுக்குக் கிராவல் என்பது இரண்டாவது தொழில். உங்கள் மகள் அதையே முதல் தொழிலாக்கப் பார்க்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் எடைபோட்டுப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

சாலைப் பந்தயத்தில் ஏணி கடினமானது என்றாலும் படிகள் கண்ணுக்குத் தெரியும். ஆடவருக்கான உயர்மட்ட அணிகள் பதினெட்டு. அணிக்கு ஏறத்தாழ முப்பது பேர் என்று வைத்தால் உலகம் முழுவதற்கும் ஐந்நூறு சொச்சம் இடங்கள். பெண்களின் உயர்மட்ட அணிகளில் குறைந்தபட்ச ஊதியம் என்ற ஏற்பாடே 2020-இல்தான் வந்தது. அவ்வாண்டு 15,000 யூரோவாக இருந்தது, 2023-இல் 32,102 யூரோவாக உயர்ந்தது. பெருந்தொகை இல்லைதான். ஆனாலும் சைக்கிள், மெக்கானிக், மருத்துவர், விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் அணியின் பொறுப்பு. கிராவலில் அந்தப் பொறுப்பெல்லாம் ஓட்டுபவரின் தலையில் வந்து விழுகிறது. அணி அமைத்து ஓட்டுபவர்கள் இப்போது கூடிவருகிறார்கள் என்றாலும், சைக்கிள் நிறுவனம் ஒன்று, டயர் நிறுவனம் ஒன்று, உடை, தலைக்கவசம், சத்துணவு என்று ஆளுக்கொரு துண்டாகப் பல ஸ்பான்சர்களைச் சேர்த்து ஓர் ஆண்டை ஓட்டுபவர்களே இந்தத் துறையின் முதுகெலும்பு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி ஒப்பந்தம், தனி எதிர்பார்ப்பு, தனி அறிக்கை.

பரிசுத் தொகையை நம்பி எவரும் கணக்குப் போடக்கூடாது. அமெரிக்காவில் பல பந்தயங்களைச் சேர்த்து நடத்தப்படும் லைஃப் டைம் கிராண்ட் பிரி தொடர் 2022-இல் தொடங்கியபோது மொத்தப் பரிசு 2,50,000 டாலர். ஆடவர், மகளிர் இரு பிரிவுக்கும் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் முதல் பத்துப் பேருக்கு வழங்கினார்கள். முதலிடத்துக்கு 25,000 டாலர். பிரிவில் பதினோராவதாக வந்தவர் ஓர் ஆண்டு முழுக்க நாட்டின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்திருந்தாலும், தொடரின் பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ஆகவே வருமானம் என்பது ஸ்பான்சர் தரும் பணம். ஸ்பான்சர் பணம் தருவது, ஓட்டுபவர் வெற்றி பெறுவதற்காக மட்டுமன்று, அவரை மக்கள் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவும்தான். உயர்மட்ட சாலை அணியிலிருந்து வெளியேறி கிராவலுக்கு வந்த அலெக்சி வெர்மியூலனின் டாக்ஸ்ஹண்ட் நாய்க்கும் ரசிகர் கூட்டம் உண்டு என்பதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. காணொளி எடுப்பது, எழுதுவது, பேசுவது, ரசிகர்களோடு சேர்ந்து சைக்கிள் ஓட்டுவது ஆகியவை இந்தத் தொழிலில் பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும் உண்மையான வேலை. அதில் உங்கள் மகளுக்கு விருப்பம் உண்டா? பயிற்சியில் மட்டுமே நாட்டம், மற்றதெல்லாம் தொல்லை என்று நினைப்பவராக இருந்தால், அவருக்கு ஏற்றது சாலை அணிதான்.

பந்தயம் எப்படி நடக்கிறது என்பதையும் நீங்கள் சற்று அறிந்துகொள்வது நல்லது. கேன்சஸ் மாநிலத்தின் எம்போரியாவில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல், 2006-இல் முப்பத்து நான்கு பேரோடு தொடங்கி இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் பந்தயமாக வளர்ந்திருக்கிறது. அதன் முதன்மைப் போட்டி 200 மைல், அதாவது ஏறத்தாழ 320 கிலோமீட்டர். முன்னணி வீராங்கனைகளுக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்பகுதியின் சாலையில் கிடப்பது கூரான ஃபிளின்ட் கல். உள்குழாய் இல்லாத ட்யூப்லெஸ் டயரின் பக்கச்சுவரை அது கிழித்துவிட்டால், உள்ளே இருக்கும், சிறு ஓட்டைகளை அடைக்கும் சீலன்ட் திரவம் பீறிட்டுச் சைக்கிளின் சட்டமெல்லாம் தெறிக்க, ஓட்டுபவர் தாமே இறங்கி, கிழிசலில் ரப்பர் துண்டைச் செருகி, காற்றுக் குப்பியால் நிரப்பி, முன்னால் போய்விட்ட கூட்டத்தைத் தனியே துரத்த வேண்டும். பின்னால் வரும் அணி வண்டி, மாற்றுச் சக்கரம் எதுவும் கிடையாது. குறித்த சில நிலையங்களில் மட்டுமே உதவியாளர்கள் தண்ணீரும் உணவும் தரலாம். மணிக்குத் தொண்ணூறு கிராமுக்கும் மேல் மாவுச்சத்தை உட்கொண்டபடியே அத்தனை மணி நேரமும் மிதிக்க வயிறும் பழக வேண்டும்; கால்களுக்குப் பயிற்சி தருவதுபோல வயிற்றுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி உண்டு.

சாலையில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று கிராவலைப் பற்றி ஓர் எண்ணம் நிலவுகிறது. அது உண்மையில்லை. உலக சைக்கிள் சம்மேளனம் 2022-இல் தொடங்கிய கிராவல் உலகப் போட்டியின் மகளிர் பட்டத்தை 2023-இல் காசியா நியெவியாடோமாவும், 2024-இல் மரியானே வோஸும், 2025-இல் லோரெனா வீபஸும் வென்றார்கள். மூவரும் அந்தந்த ஆண்டிலேயே சாலை அணிகளில் முன்னணியில் இருந்தவர்கள். நியெவியாடோமா மறு ஆண்டு பெண்களுக்கான டூர் டி பிரான்ஸையும் வென்றார். கிராவலுக்குப் போவதால் போட்டி எளிதாகிவிடும் என்ற கணக்கு உங்கள் மகளின் மனத்தில் இருந்தால், அதை இப்போதே நீக்கிவிட வேண்டும்.

இதையெல்லாம் சொல்வது அவரைத் தடுப்பதற்காக அல்ல. என் கருத்து வேறு: இது காத்திருக்க இடம் கொடுக்கும் அரிய விளையாட்டுகளுள் ஒன்று. பெரிய சாலை அணிகள் இப்போது பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே ஆள் எடுக்கின்றன. அங்கே இரண்டு ஆண்டு தாமதித்தால் வாசல் மூடிவிடக்கூடும். நெடுந்தொலைவு கிராவலில் நிலைமை அப்படியில்லை. டெட் கிங் எம்போரியாவில் முதன்முறை வென்றபோது வயது 33; மறுபடி வென்றபோது 35. பாஸ்வெல் 2021-இல் வென்றபோது 30, மார்ட்டன் 2024-இல் வென்றபோது 32. தாங்குதிறன் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்வது. இருபது வயதில் படிப்பை விடுவதால் உங்கள் மகளுக்குக் கிடைக்கும் நேரம், இருபத்திரண்டு வயதில் பட்டத்தோடு தொடங்கினாலும் கிடைக்கும்.

படித்துக்கொண்டோ பணியில் இருந்துகொண்டோ வென்றவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் அன்பவுண்டின் மகளிர் பிரிவில் வென்ற லாரன் டி கிரெசென்சோ, சாலை வீராங்கனையாக இருந்தபோது 2016-இல் விழுந்து மூளையில் கடுமையான காயமடைந்தவர். மீண்டெழுந்து, பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றியவர். அதே ஆண்டு ஆடவர் பிரிவில் வென்ற பாஸ்வெல்லும் அப்போது ஒரு சைக்கிள் கருவி நிறுவனத்தில் வேலையில் இருந்தார். 2024-இல் மகளிர் பிரிவில் வென்ற ரோசா க்ளோசர் அப்போது முனைவர் பட்ட ஆய்வு மாணவி. அவர் உயர்மட்ட சாலை அணியில் சேர்ந்ததே அந்த வெற்றிக்குப் பிறகுதான். சாலையிலிருந்து கிராவலுக்கு என்ற வழி திரும்பியும் ஓடும் என்பதற்கு அவரே சான்று.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. பட்டப்படிப்பை அவர் முடிக்கட்டும். அதுவரை சாலைப் பந்தயங்களை விடாமல் ஓட்டட்டும், ஏனெனில் கூட்டத்தில் ஓட்டும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. கிராவல் பந்தயங்கள் பலவற்றில் தொழில்முறை வீரர்கள் செல்லும் அதே பாதையில் பிறரும் பெயர் கொடுத்து ஓட்டலாம் என்பதால், விடுமுறைக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பந்தயங்களில் கலந்துகொண்டு, வென்றவருக்கும் தமக்கும் உள்ள நேர இடைவெளியை எழுதி வைக்கட்டும். அந்த இடைவெளி ஆண்டுதோறும் குறைகிறதா என்பது, உங்கள் அச்சத்தையும் அவருடைய ஆசையையும்விட நம்பத்தக்க சாட்சி. கூடவே, ஓர் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை அவரே எழுதித் தரும்படி கேளுங்கள்: பயணம், நுழைவுக் கட்டணம், டயர், பயிற்சியாளர், காப்பீடு, எதிர்பார்க்கும் வரவு. தாளில் எழுத முடியாத ஆண்டைச் சாலையில் ஓட்டிவிட முடியாது.

உடல்நலம் பற்றி இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தலையில் அடிபட்டால் மருத்துவர் அனுமதிக்கும் வரை சைக்கிளைத் தொடக்கூடாது; பாஸ்வெல் சாலைப் பந்தயத்தை விட்டதற்கு 2019-இல் இத்தாலியில் விழுந்து மூளை அதிர்ச்சிக்கு உள்ளானதே வழிவகுத்தது. இரண்டாவது, நெடுந்தொலைவு விளையாட்டுகளில் உள்ள பெண்கள் எடை குறைய வேண்டுமென்று போதிய அளவு உண்ணாமல் இருந்தால் மாதவிடாய் தடைபடும், எலும்பின் அடர்த்தி குறையும், சிறு விழுதலிலும் எலும்பு முறியும். மாதவிடாய் நின்றுபோவது நல்ல பயிற்சியின் அடையாளம் என்று எந்தப் பயிற்சியாளராவது சொன்னால், அந்தப் பயிற்சியாளரை மாற்றிவிடுங்கள்.

ஸ்பான்சர் ஒப்பந்தம் என்று ஏதேனும் அவர் கைக்கு வரும் நாளில், கையெழுத்துக்கு முன் நீங்களும் உடன் அமர்ந்து படியுங்கள். தருவது பணமா, பொருள் மட்டுமா; காயத்தால் மூன்று மாதம் ஓட்ட முடியாவிட்டால் தொகை நிற்குமா; எத்தனை படங்கள், எத்தனை காணொளிகள் தர வேண்டும்; ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர் படத்தை அவர்கள் பயன்படுத்தலாமா; வேறு நிறுவனத்தோடு சேரத் தடை உண்டா என்பவை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழியாக உறுதி சொன்னால் போதாது. விடுபட்டதை எழுத்தில் சேர்த்து அனுப்பும்படி கேட்பதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை, நல்ல நிறுவனங்கள் அதற்காகக் கோபித்துக்கொள்வதும் இல்லை.