எச்பிஏ1சி 6.6, வெறும் வயிற்றில் 114: எதை நம்புவது?

வெறும் வயிற்றில் சர்க்கரை 114 தானே, அப்புறம் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எப்படி சர்க்கரை நோய் அளவான 6.6 வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கு இப்போதுதான் மாத்திரை தொடங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் சர்க்கரை கூடாமலேயே எச்பிஏ1சி கொஞ்சம் கூடிக் காட்டுவதுண்டு. டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் டெஸ்ட் உங்களுக்குச் சரியாக இருக்குமா என்றும் கேளுங்கள். அதில் 200 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய், 140 முதல் 199 வரை என்றால் அதற்கு முந்தைய கட்டம். முதல் நாள் இரவிலிருந்து 8 மணி நேரமாவது தண்ணீர் மட்டும்தான், ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் பயந்துகொண்டு சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், ரிசல்ட் குழம்பிவிடும். 114-ஐயும் சும்மா விடக்கூடாது, 100-க்குக் கீழே இருக்க வேண்டியது அது. இடையில் தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், எடையும் குறைந்தால் டெஸ்ட் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.